விரற்கடை ஆழத்து நீர்: போத்தனூர்க் குளக்கரைகளில் பறவை நோக்கும் ஒரு நாள்

1862ஆம் ஆண்டில் சென்னையை மலபார்க் கடற்கரையுடன் இணைத்த இருப்புப்பாதையோடு வளர்ந்த போத்தனூர் இன்றும் ரயில்வே ஊர் என்றே அறியப்படுகிறது. ஆனால் அந்தத் தண்டவாளங்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய நீர்க்கட்டமைப்பு ஒன்று அவ்வூரின் மேற்கிலும் கிழக்கிலும் முற்றிலும் அழிந்துவிடாமல் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கிறது. மேற்கே பொள்ளாச்சி சாலையை ஒட்டி 300 ஏக்கருக்கு மேல் பரந்திருக்கும் குறிச்சிக் குளமும், கிழக்கே சுமார் 90 ஏக்கர் பரப்புள்ள வெள்ளலூர்க் குளமும், நொய்யலுக்கு அக்கரையில் சுமார் 288 ஏக்கரில் அமைந்த சிங்காநல்லூர்க் குளமும் அக்கட்டமைப்பின் உறுப்புகள் ஆகும். ஐப்பசி முதல் பங்குனி வரையிலான ஆறு மாதங்களில் ஏதேனும் ஒரு நாளை விடியல் முதல் அந்தி வரை இக்கரைகளில் கழித்து, பறவைகள் எங்கே இறங்குகின்றன, எங்கே இறங்க மறுக்கின்றன என்பதைப் பொறுமையாகக் குறித்துவரும் ஒருவருக்கு, ஒரு குளத்தின் நலத்தை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு நூல்கள் தருவதைவிடத் தெளிவான விடை கிடைக்கும்.

ஈரநிலம் என்ற சொல்லை முதலில் விளக்கிக்கொள்வது நல்லது. அது சதுப்பு நிலத்தை மட்டும் குறிப்பதாகப் பலர் கருதுகின்றனர். 1971 பிப்ரவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கையோ, இயற்கையானதோ மனிதர் வெட்டியதோ, ஆண்டு முழுதும் நீர் நிற்பதோ சில மாதங்கள் மட்டும் நிற்பதோ, தேங்கியதோ ஓடுவதோ, நன்னீரோ உவர்நீரோ எதுவாயினும் ஈரநிலமே என்றும், கடலோரத்தில் வற்றுப்பெருக்கின்போது ஆறு மீட்டருக்கு மிகாத ஆழமுள்ள பகுதிகளும் அதில் அடங்கும் என்றும் விரிவாக வரையறுக்கிறது. இந்த வரையறையின்படி பார்த்தால், மன்னர்களும் ஊரார்களும் பாசனத்துக்காக வெட்டிய கொங்கு நாட்டுக் குளங்கள் முழுத் தகுதி பெற்ற ஈரநிலங்களே. ஈரோடு மாவட்டத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022ஆம் ஆண்டிலும், திருப்பூர் மாவட்டத்து நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டிலும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது அதனால்தான். அவ்விரண்டும் பழைய பாசனக் குளங்களே என்பதை நினைவில் கொண்டால், போத்தனூரைச் சுற்றியுள்ள குளங்களை வெறும் நகரத்து நீர்த்தேக்கங்களாகக் காணும் பழக்கம் தானாகவே மாறும்.

கோவை மழை மறைவுப் பகுதி. ஆண்டுச் சராசரி மழை சுமார் 700 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. இவ்வளவு குறைந்த மழையுள்ள நிலத்தில் இத்தனை குளங்கள் நிறைவதற்கு நொய்யல் ஆறே காரணம். காஞ்சிமாநதி என்ற பழம்பெயர் கொண்ட இந்த ஆறு வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றிக் கிழக்கு நோக்கி ஓடிக் காவிரியில் கலக்கிறது. ஆடி மாதத்துத் தென்மேற்குப் பருவமழை மலையில் பொழியும்போது, கோவை நகரில் தூறல்கூட இல்லாத நாளில், ஆற்றில் வெள்ளம் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை சமவெளியிலேயே பொழிகிறது. ஆற்றின் குறுக்கே தாழ்ந்த அணைக்கட்டுகளைக் கட்டி, அவற்றிலிருந்து ராஜவாய்க்கால்கள் வழியாக நீரைத் திருப்பி, இரண்டு பருவங்களின் நீரையும் குளங்களில் பிடித்து வைக்கும் இந்த ஏற்பாடு கொங்குச் சோழர் காலத்திலிருந்து படிப்படியாக வளர்ந்ததாகக் கருதப்படுகிறது. குறிச்சிக்கு ஓர் அணைக்கட்டு, வெள்ளலூருக்கு ஓர் அணைக்கட்டு, சிங்காநல்லூருக்கு ஓர் அணைக்கட்டு என்று ஒவ்வொரு குளத்துக்கும் ஆற்றில் தனித்தனி வாயில் வைத்த அந்தத் திட்டமிடல் இன்றைய பொறியாளர்களும் மதிக்கத் தக்கது.

இந்தக் குளங்களின் வடிவத்தில்தான் பறவைகளின் கதை தொடங்குகிறது. பழைய பாசனக் குளம் என்பது கிண்ணம் போன்றதன்று. தாழ்வான பக்கத்தில் மட்டும் மண்கரை எழுப்பி, மற்றப் பக்கங்களில் நிலத்தின் இயல்பான சரிவையே எல்லையாக விட்டு அமைக்கப்படுவது. மதகும் கலிங்கும் உள்ள கரைப்பக்கத்தில், அதாவது நீரைத் திறந்துவிடும் வாயிலும் மிகைநீர் வழியும் கல்லணையும் அமைந்த பக்கத்தில், ஆழம் மிகுந்திருக்கும்; அங்கிருந்து மேட்டை நோக்கிப் போகப் போக ஆழம் குறைந்து, முழங்கால் அளவாகி, கணுக்கால் அளவாகி, இறுதியில் ஈரச் சேறாகவும் புல்லாகவும் முடியும். தை பிறந்த பின் நீர் வற்றத் தொடங்கும்போது அந்தச் சேற்று விளிம்பு நாள்தோறும் சில அடிகள் உள்நோக்கி நகர்ந்து, அதுவரை நீருக்கடியில் இருந்த புழுக்களையும் நத்தைகளையும் விதைகளையும் புதிது புதிதாக வெளிக்காட்டுகிறது. ஒரே குளத்தில் இருபது, முப்பது வகை நீர்ப்பறவைகள் ஒன்றோடொன்று பெரிதும் மோதாமல் பிழைத்திருப்பதற்கு இந்தச் சரிவே காரணம்.

பறவை நோக்குவதற்கான நாள் சூரியன் எழுவதற்கு அரைமணி நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. கருவிகள் அதிகம் தேவையில்லை. இருகண் நோக்கி எனப்படும் பைனாகுலர் ஒன்றும், சிறிய குறிப்பேடும், தொப்பியும், குடிநீரும் போதும். பைனாகுலரின் மேல் 8×42 என்பது போல் பொறிக்கப்பட்டிருக்கும் எண்களில் முதலாவது, பொருள் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், இரண்டாவது, முன்வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கின்றன. முன்வில்லை அகலமாக இருந்தால் மங்கலான விடியல் ஒளியிலும் காட்சி தெளிவாக இருக்கும், பெருக்கம் மிகுந்தால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும் என்பதால், புதிதாகத் தொடங்குவோர்க்கு எட்டு மடங்கே பொருத்தமானது. உடையின் நிறம் மண்ணையோ இலையையோ ஒத்திருப்பது நல்லது. காலையில் குளத்தின் கிழக்குக் கரையில் நின்று மேற்கு நோக்கிப் பார்த்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்து பறவையின் மேல் விழும். திசை மாறி நின்றால் எல்லாப் பறவையும் கரிய நிழலாகவே தெரியும். இந்தச் சிறிய கவனம் இல்லாமல் முதல் நாளிலேயே ஏமாற்றமடைந்து திரும்பியவர்கள் பலர்.

குறிச்சிக் குளத்தில் விடியலின் முதல் ஒலி பெரும்பாலும் ஆள்காட்டியுடையது. சேற்றோரம் நடமாடும் இந்தப் பறவை மனிதர் நெருங்குவதைக் கண்டவுடன் உரக்கக் கத்திக்கொண்டு மேலெழுந்து, குளத்திலுள்ள மற்ற எல்லாப் பறவைகளையும் எச்சரித்துவிடுகிறது. அது கத்தத் தொடங்கினால் அவ்விடத்திலேயே நின்றுவிடுவதுதான் முறை. சற்று நேரத்தில் கோரைப் புதர்களிலிருந்து நீலத் தாழைக்கோழிகள் நீண்ட சிவந்த கால்களை எடுத்து வைத்து வெளிவருகின்றன. திறந்த நீரில் நாமக்கோழிகள் கூட்டமாக மிதக்கின்றன. கறுத்த உடலில் நெற்றிமீது மட்டும் வெள்ளைக் கேடயம் போன்ற தடிப்பு அமைந்திருப்பதால் நாமம் இட்டதுபோல் தோன்றும் அப்பறவைக்கு ஊரார் வைத்த பெயர் எத்தனை பொருத்தமானது என்பதை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை.

தமிழ்ப் பறவைப் பெயர்கள் பலவும் இப்படி நேரடிக் கவனிப்பில் பிறந்தவை. நீரில் மூழ்கி வேறோரிடத்தில் எழும் சின்னஞ்சிறு பறவை முக்குளிப்பான். உடல் முழுதும் நீருக்குள் இருக்கக் கழுத்தை மட்டும் பாம்புபோல் வெளியே நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. நத்தையின் ஓட்டைத் திறந்து சதையை எடுப்பதற்கேற்ப மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே இடைவெளி கொண்டது நத்தைக்குத்தி நாரை. மாடுகளின் பின்னே நடந்து பூச்சிகளைப் பொறுக்குவது உண்ணிக்கொக்கு. மடையோரம் அசையாமல் குந்தியிருந்து, பறக்கும்போது மட்டும் வெள்ளைச் சிறகைக் காட்டும் குளத்துக்கொக்குக்கு மடையான் என்ற பெயரும் உண்டு. பாசனச் சொல்லும் பறவைப் பெயரும் அதில் ஒன்றாகவே கலந்து நிற்கின்றன. ஊருக்கு ஊர் மாறுபடும் இத்தகைய பெயர்களைத் தேடித் தொகுத்து ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ என்ற நூலாக்கிய முனைவர் க. ரத்னத்தின் பணி, தமிழ் இயற்கை எழுத்தில் மா. கிருஷ்ணனின் கட்டுரைகளுக்கு அடுத்து வைத்து மதிக்கப்பட வேண்டிய ஒன்று. பறவையின் பெயர் வழக்கொழிந்தால் அதைக் கவனிக்கும் பழக்கமும் சேர்ந்தே ஒழிகிறது.

வெயில் ஏறி எட்டு மணி ஆகும்போது பறவைகள் இரை தேடும் முறை தெளிவாகத் தெரியத் தொடங்கும். இதைப் புரிந்துகொள்ளப் பழைய அளவைகளே எளிதானவை. விரற்கடை ஆழத்து நீரிலும் ஈரச் சேற்றிலும் கொசு உள்ளானும் பொரி உள்ளானும் ஓடித்திரிந்து அலகால் சேற்றைக் குத்துகின்றன. அவற்றின் கால்கள் அதற்குமேல் ஆழம் தாங்கா. சாண் அளவு நீரில் நெடுங்கால் உள்ளான் தன் மெல்லிய இளஞ்சிவப்புக் கால்களை ஊன்றி நடக்கிறது. முழ அளவு நீரில் மஞ்சள்மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீருக்குள் விட்டுக்கொண்டு நடக்கிறது. கண்ணால் பார்த்து அன்று, மீன் அலகில் பட்டவுடன் சட்டென்று மூடும் தொடு உணர்வாலேயே அது இரை பிடிப்பதால், கலங்கிய நீரும் அதற்குத் தடையில்லை. அதே ஆழத்தில் புள்ளிமூக்கு வாத்து வாலை மேலே தூக்கித் தலையைக் கீழே விட்டு அடித்தரையிலுள்ள விதைகளையும் தண்டுகளையும் எட்டிப் பிடிக்கிறது. மேற்பரப்பிலேயே தட்டைவாயன் வாத்து தன் அகன்ற அலகை நீரில் உழுதபடி செல்கிறது. அலகின் ஓரங்களில் சீப்புப் பற்களைப் போன்ற மெல்லிய தகடுகள் நெருங்கி அமைந்திருப்பதால், உறிஞ்சிய நீர் வெளியேறிச் சிற்றுயிர்கள் மட்டும் உள்ளே தங்குகின்றன. ஆள் ஆழத்து நீரோ நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும் பாம்புத்தாராவுக்கும் கூழைக்கடாவுக்கும் உரியது. கூழைக்கடா மூழ்குவதில்லை, மிதந்தபடியே தாடைக்குக் கீழுள்ள பையை வலைபோல் வீசி மீனை அள்ளுகிறது.

விரற்கடை, சாண், முழம், ஆள் ஆழம் என்ற இந்த நான்கு தட்டுகளையும் குறிப்பேட்டின் பக்கத்தில் நான்கு பத்திகளாக வரைந்து, ஒவ்வொன்றிலும் எத்தனை வகை, எத்தனை எண்ணிக்கை என்று எழுதிவந்தால், முதல் மூன்று பத்திகள் நிரம்பி வழிவதையும், நான்காவதில் நான்கைந்து பெயர்களே நிற்பதையும் எவரும் காணலாம். நீர் நிறைந்து தளும்பும் குளத்தைக் கண்டு மகிழ்வது மனித இயல்பு. ஆனால் நீர்ப்பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது தளும்பும் நீர் அன்று, வற்றிவரும் நீரே.

முற்பகலில் இரை தேடி முடித்த பறவைகள் ஓய்வுக்கு ஒதுங்குகின்றன. நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் பட்டமரக் கிளைகளில் சிறகை விரித்து வெயில் காய்கின்றன. அவற்றின் இறகுகள் வாத்தின் இறகைப் போல் நீரை முற்றிலும் விலக்குவதில்லை. நனைவதால் உடலின் மிதப்பு குறைந்து மூழ்குவது எளிதாகிறது, அதற்கு விலையாகக் கரையேறிய பின் உலர்த்தவேண்டியதாகிறது. இலைக்கோழிகளைக் கவனிப்பதற்கும் இதுவே தக்க நேரம். கால்விரல்கள் மிக நீண்டு விரிந்திருப்பதால் உடல் எடை பரவி, தாமரை, அல்லி இலைகளின்மேல் அவை அமிழாமல் நடக்கின்றன. பெண்பறவை பல ஆண்களுடன் கூடி முட்டைகளை இட்டுச் சென்றுவிட, அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆணின் பொறுப்பாக இருப்பது பறவை உலகில் அரிய ஏற்பாடுகளில் ஒன்று.

நண்பகலில் குறிச்சியை விட்டு வெள்ளலூருக்குச் செல்வது பயனுள்ளது. வெள்ளலூர் பழமையான ஊர். ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல்கள் அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிடைத்திருப்பதால், பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் கடற்கரையோடு நடந்த பண்டைய வணிகத்துக்கு அவ்வூர் சான்றாக நிற்கிறது. பிற்காலத்தில் மாநகரின் குப்பைக்கிடங்கால் அதன் பெயர் வேறுவிதமாகப் பேசப்பட்டது. அவ்வூர்க் குளமோ, வாய்க்கால் தூர்ந்து நீர்வரத்து நின்றுபோனதால் பல ஆண்டுகள் வறண்டு, முட்செடி மண்டிக் கிடந்தது. 2017ஆம் ஆண்டு முதல் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் வாரந்தோறும் கூடி வாய்க்காலைத் தூர்வாரி, கரையைச் சீர்செய்து, கரையோரத்தில் நாட்டு மரங்களை நெருக்கமாக நட்டு வளர்த்தனர். நொய்யல் நீர் மீண்டும் உள்ளே வந்தது; அதைத் தொடர்ந்து பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் வந்தன. ஏறத்தாழ நூறு பட்டாம்பூச்சி வகைகள் அக்கரையில் பதிவாகி, இன்று அங்கே ஒரு பட்டாம்பூச்சிப் பூங்காவும் அமைந்துள்ளது. செத்ததாகக் கைவிடப்பட்ட குளம் வாய்க்கால் ஒன்று திறந்ததும் உயிர்பெற்ற இந்த நிகழ்வு கொங்கு நாட்டின் அண்மை வரலாற்றில் பெருமையோடு எழுதத்தக்கது.

வெள்ளலூர்க் கரையின் மர நிழலில் அமர்ந்திருக்கும் நடுப்பகல், வலசை பற்றிச் சிந்திப்பதற்கு ஏற்றது. வலசை என்பது உணவும் தட்பவெப்பமும் மாறுவதற்கேற்பப் பறவைகள் ஆண்டுதோறும் ஒழுங்காக இடம்பெயர்ந்து திரும்புவதாகும். சேற்றில் ஓடும் கொசு உள்ளான் ஒரு சிட்டுக்குருவியின் எடையே கொண்டது; அது முட்டையிடுவதோ வடதுருவத்தை ஒட்டிய உறைநிலச் சமவெளியில். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் பொரி உள்ளானும் யூரேசியாவின் வடபகுதிகளில் இனப்பெருக்கம் செய்து, அங்கே நீர் உறையும் முன் தெற்கே புறப்படுகின்றன. இவை பயன்படுத்தும் வான்வழி மத்திய ஆசியப் பறப்புப்பாதை எனப்படுகிறது. ஆர்க்டிக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை சுமார் 30 நாடுகளின்மேல் விரியும் அப்பாதையில் இந்தியாவே முதன்மையான குளிர்கால உறைவிடம். நஞ்சராயன் குளத்தில் காணப்படும் பட்டைத்தலை வாத்துகள் மங்கோலியா, திபெத் மேட்டு நிலங்களிலிருந்து இமயமலையைக் கடந்து வருபவை. தமிழர்க்கு இந்தப் போக்குவரத்து புதிய செய்தி அன்று. வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விடும் பாடலில், அப்பறவை தென்குமரி வரை சென்று வடதிசைக்குத் திரும்பும் இயல்புடையது என்ற அறிவு அடிப்படையாகவே அமைந்திருக்கிறது.

இங்கு ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். வேடந்தாங்கல் போன்ற இடங்கள் கூடுகட்டும் தலங்கள். நீர் சூழ்ந்த மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும் அத்தகைய இடத்தை, எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊரார் தாமே காத்துவந்தனர். 1790களில் செங்கல்பட்டுப் பகுதியின் ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் ஊராரின் உரிமைக்கு எழுத்து வடிவம் தந்தார். போத்தனூரைச் சுற்றிய குளங்கள் முதன்மையாக இரை தேடும் தலங்கள். கூடு தெரியும் இடத்தைக் காக்கவேண்டும் என்ற உணர்வு எவருக்கும் எளிதில் வருகிறது. இரை மட்டும் கிடைக்கும் சேற்றுக்கு அந்தப் பரிவு கிடைப்பதில்லை. அதைச் சுத்தம் செய்யப்பட வேண்டிய அழுக்காகவே பலரும் பார்க்கின்றனர்.

பிற்பகலில் நொய்யலைக் கடந்து சிங்காநல்லூருக்குச் செல்பவர் இன்னொரு பாடத்தைச் சந்திக்கிறார். 2017ஆம் ஆண்டில் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்ட அக்குளத்தில் 700க்கும் மேற்பட்ட உயிரினங்கள் பதிவாகியுள்ளன. அதே குளத்தில் ஆகாயத்தாமரையும் கழிவுநீரும் நீங்காத தொல்லைகளாக இருக்கின்றன. பறவைகள் நிறைய இருப்பதால் நீர் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது தவறு. கழிவுநீர் கலந்த குளத்தின் அடிச்சேற்றில் உயிர்வளி குறையும்போது, அந்நிலையிலும் தாக்குப்பிடிக்கும் இரத்தச் சிவப்பான புழுக்கள், அதாவது கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒருவகைப் பூச்சியின் இளம்பருவங்கள், ஏராளமாகப் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன நெடுங்கால் உள்ளான்கள் நூற்றுக்கணக்கில் கூடுகின்றன. ஆகாயத்தாமரை மண்டினால் தாழைக்கோழிக்கும் இலைக்கோழிக்கும் நடமாட மேடை கிடைக்கிறது. திறந்த நீர் வேண்டும் வாத்துகளும் முக்குளிப்பானும் விலகிவிடுகின்றன. எனவே எண்ணிக்கையைக் காட்டிலும் கலவையே முக்கியமானது: முன்சொன்ன நான்கு தட்டுகளிலும் பறவைகள் இருக்கின்றனவா, ஒரே வகை பெருகி மற்றவை மறைந்தனவா என்று கேட்பவருக்கே குளம் உண்மையைச் சொல்லும்.

2016ஆம் ஆண்டில் சீர்மிகு நகரத் திட்டத்தின் முதல் இருபது நகரங்களுள் ஒன்றாகக் கோவை தேர்வான பின், நகரக் குளங்களின் கரைகளில் நடைபாதைகளும் விளக்குகளும் பூங்காக்களும் எழுந்தன. குறிச்சிக் கரையில் தமிழ் எழுத்துகளால் அமைந்த திருவள்ளுவர் சிலையும் நிற்கிறது. மக்கள் குளத்தை நாடி வருவது வரவேற்கத்தக்கதே. ஒரு தலைமுறைக்கு மேலாகக் குளத்துக்கு முதுகு காட்டி வாழ்ந்த நகரம் மீண்டும் அதை நோக்கித் திரும்பியிருக்கிறது. ஆயினும் எங்கெல்லாம் கரையைச் செங்குத்தாக உயர்த்திக் கல் பதித்து, குளத்தைச் சுற்றிலும் மூடிய வளையமாக்கி, உள்ளே ஒரே ஆழமாகத் தோண்டுகிறோமோ, அங்கெல்லாம் விரற்கடை நீரும் சாண் நீரும் இல்லாமல் போகின்றன. எஞ்சுவது ஆள் ஆழத்துக்குரிய நான்கைந்து பறவைகளே. கொள்ளளவு கூடியதாகக் கணக்கு காட்டும் அதே பணி, உள்ளான்களுக்கும் நாரைகளுக்கும் வாத்துகளுக்கும் உணவுத் தட்டைப் பறித்துவிடுகிறது. இதற்குப் பெரிய செலவில்லாத தீர்வு உண்டு. நடைபாதையை மண்கரைப் பக்கத்தோடு நிறுத்தி, எதிர்ப்பக்கச் சரிவைத் தொடாமல் விடுதல், தூர்வாரும்போது அடித்தரையை மேடும் பள்ளமுமாக விட்டுவைத்தல், கோரையை முற்றிலும் அழிக்காமல் பகுதி பகுதியாக அகற்றுதல், சரிவுப் பக்கத்தில் இரவு விளக்குகளைத் தவிர்த்தல் ஆகியவை எந்த வரைபடத்திலும் எளிதாகச் சேர்க்கத் தக்கவை.

இவற்றை வலியுறுத்தக் கையில் சான்று வேண்டும். அந்தச் சான்றே பறவைக் கணக்கு. பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணுவது இயலாது என்பதால், முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை கண்ணில் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதை மனத்தில் இருத்தி, அந்த அளவைக் கூட்டத்தின்மேல் அடுத்தடுத்து வைத்துப் பார்த்து மதிப்பிடுவது வழக்கம். எண்ணிய இடம், நேரம், எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பவற்றோடு பட்டியலை ‘ஈபேர்டு’ என்னும் இணையப் பதிவேட்டில் சேர்த்தால், அது ஆய்வாளர்க்குப் பயன்படும் தரவாகிறது. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை 30,000க்கும் மேற்பட்ட பறவை நோக்குநர்கள் இவ்வாறு திரட்டிய பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு 942 வகைகளை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க இயன்ற 338 வகைகளுள் 204 குறைந்துவந்திருப்பதும், 36 மட்டுமே பெருகியிருப்பதும் அதில் வெளிப்பட்டன. ஆர்க்டிக்கிலிருந்து வரும் கரைப்பறவைகளும் வாத்துகளும் கவலைக்குரிய வகைகளில் சேர்ந்தவை. 1990ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு ஆனைகட்டியில் இயங்கும் சாலிம் அலி பறவையியல் ஆய்வு மையத்தின் அறிஞர்கள் எத்தனை திறமையானவர்களாயினும், ஒவ்வொரு ஊர்க் குளத்தையும் ஒவ்வொரு வாரமும் அவர்களே பார்த்துவிட முடியாது. அந்த இடைவெளியை ஊரிலுள்ளவர்களே நிரப்பியாக வேண்டும்.

மாலை ஐந்தரை மணிக்குமேல் குறிச்சிக் கரைக்கே திரும்பினால், நாளின் நிறைவான காட்சி காத்திருக்கிறது. உண்ணிக்கொக்குகள் வரிசை வரிசையாக அடையும் மரங்களுக்குத் திரும்புகின்றன. பகலெல்லாம் கிளைகளுக்குள் ஒடுங்கியிருந்த வக்காக்கள் ‘குவாக்’ என்று ஒற்றைக் குரல் எழுப்பி இரைக்குப் புறப்படுகின்றன. மின்கம்பிகளில் தகைவிலான்கள் மணிகோத்ததுபோல் நெருங்கி அமர்கின்றன. மத்திய ஆசியாவிலிருந்து வரும் சோளக்குருவிகள், தை, மாசி மாதங்களில் புகைத்திரள் போல் ஒன்றுகூடி, வானில் சுருண்டும் விரிந்தும் பலமுறை வட்டமிட்ட பிறகு ஒரே நொடியில் கோரைக்குள்ளும் மரங்களுக்குள்ளும் இறங்கிவிடுகின்றன. அந்நேரத்தில் கரையில் நிற்பவர் உரக்கப் பேசாமலும், ஒளிபாய்ச்சிப் படமெடுக்காமலும், பறவையின் குரலை அலைபேசியில் ஒலிக்கவிட்டு அழைக்காமலும் இருப்பது அடிப்படை ஒழுக்கம். நீண்ட பயணத்துக்குக் கொழுப்பைச் சேமிக்கும் பறவை ஒருமுறை வீணாக எழுந்து பறப்பதும் அதற்கு இழப்பே.

தமிழகப் பறவை நோக்குநர்கள் 2015ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பை நடத்திவருகின்றனர். அதில் சேர எந்தத் தகுதியும் கட்டணமும் இல்லை. பதினைந்து நிமிடங்கள் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளையெல்லாம் எண்ணி எழுதினால் போதும். போத்தனூர், குறிச்சி, சுந்தராபுரம், வெள்ளலூர் பகுதிகளில் வாழும் வாசகர்கள் வரும் தைப் பொங்கலன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு தத்தம் குளத்தின் கரைக்குச் சென்று, நடைபாதை உள்ள பக்கத்தில் நில்லாமல், சேறு உள்ள பக்கத்தில் அந்தப் பதினைந்து நிமிடங்களைச் செலவிட வேண்டும்.